தற்செயலாக, அருங்காட்சியகத்தில்

ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்கள் பெருமாளைப் பார்க்க வருகிறார்கள். பார்த்து முடித்ததும் ஒரு காபி குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தீவுக்கு வரலாறு என்று ஒன்று இருப்பதாகவும், அதை அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பழைய வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டி போட்டு வைத்திருப்பதாகவும் எதிர்வீட்டுக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. 'தீவு வரலாற்றுக் கூடம்' என்ற பலகையின் மேல் பாதியை ஒரு டியூஷன் சென்டர் விளம்பரம் மறைத்திருந்தது.

அந்த இடத்தில்தான் மலர்க்கொடியைத் தற்செயலாகப் பெண் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

தற்செயல் என்றால் ஒரு மாதமாகப் போன் பேசி, ஜாதகம் பார்த்து, நாள் குறித்து ஏற்பாடு செய்த தற்செயல். பெண்ணைப் பிடிக்காமல் போனால் வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போன பழி வராது. பிடித்துவிட்டால் அப்புறம் முறைப்படி வரலாம். வழக்கமாக இதற்குக் கோயில்தான். ஆனால் போன தடவை தாயார் சன்னதியில் வைத்துப் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் சிறப்பு தரிசன வரிசையிலும் இவர்கள் தர்ம தரிசன வரிசையிலும் மாட்டிக்கொண்டார்கள். நடுவில் இரும்புக் கம்பி. மாப்பிள்ளை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது, மத்திய சிறையில் மனு போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

"இந்தத் தடவை கூட்டமே இல்லாத இடமா பார்ப்போம்" என்று மலர்க்கொடியின் அம்மா அகிலாண்டம் சொன்னாள். கூட்டமே இல்லாத இடம் என்று விசாரித்ததில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

மலர்க்கொடி பொன்மலை ரயில்வே பணிமனையில் டெக்னீஷியன். ஜூனியர் இன்ஜினியர் தேர்வில் பாஸாகி, ஆர்டருக்காகக் காத்திருந்தாள். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் பெண் பார்த்த அன்று, "வேலைக்கென்ன, தாராளமா போகட்டும்" என்றுதான் சொன்னார்கள். நிச்சயத்துக்குத் தாம்பூலத் தட்டு வாங்கும் நேரத்தில், "வீட்டோட இருந்தா நல்லாருக்கும்னு பெரியவங்க நினைக்கிறாங்க" என்றார்கள். இரண்டு தடவையும் தட்டு கடைக்குத் திரும்பிப் போனது. மூன்றாவது தடவை இப்படி நடந்தால், வேலையை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்று அகிலாண்டம் முடிவாகச் சொல்லியிருந்தாள்.

ஆகவே மலர்க்கொடிக்கு இன்று ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அவளை வேலைக்குப் போகவிடுவார்களா, மாட்டார்களா? நேரே கேட்டால் தாராளம் என்பார்கள். தாராளத்தின் விலை அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை. அரைநாள் லீவு போட்டு, பணிமனையிலேயே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அதுவும் பட்டுப்புடவை இல்லை. அருங்காட்சியகத்துக்கு யாரும் தற்செயலாகப் பட்டுப்புடவையில் வருவதில்லை என்று அம்மா யோசித்து, மண் நிறத்தில் ஒரு காட்டன் புடவை எடுத்துக் கொடுத்திருந்தாள். கேட்டில் காட்டிய அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. கழற்ற மறந்துவிட்டாள்.

கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது மேஜைக்குப் பின்னால் காவலரும் வழிகாட்டியும் பொறுப்பாளருமான ஷேக் தாவூது உட்கார்ந்திருந்தார். ஓர் ஆள் உள்ளே வந்ததையே அவரால் நம்ப முடியவில்லை.

"வெளியாளுங்களுக்கு டாய்லெட் இல்லைம்மா" என்றார்.

"அருங்காட்சியகம் பார்க்க வந்தேங்க."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். மின்விசிறியைப் போட்டு, தன் நாற்காலியைக் கொடுத்தார். அந்தக் கூடம் முழுக்க ஒரே மின்விசிறிதான், அதுவும் அந்த நாற்காலிக்கு நேர் மேலே.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்டி. ராகுகாலம் முடியட்டும், பஸ் ஏறுறேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டா?"

"அவங்க ராகுகாலத்துக்கு முன்னாடியே எடமலைப்பட்டி புதூர்லேருந்து கிளம்பியாச்சாம். அம்மா மண்டபம் படித்துறையில உக்காந்திருக்காங்க. பன்னெண்டு அடிச்சதும் எந்திரிச்சு வருவாங்க. மலரு, நான் வர்ற வரைக்கும் நீ யாருன்னு வாயைத் திறக்காதே. பொண்ணே போய், நான்தான் பொண்ணுன்னு சொல்றது அழகா? அவங்களா கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணும்."

ராகுகாலம் முடியும் நேரத்தைத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் கணக்குப் பண்ணி வைத்திருந்தார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை அதே நேரம்தான் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும் நேரம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷேக் தாவூது தொப்பியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"தொழுதுட்டு வந்துடறேம்மா. கொஞ்சம் பார்த்துக்கங்க. யாரும் வர மாட்டாங்க."

அவருடைய ஸ்கூட்டி தெரு முனை திரும்பியது. அதே முனையில் மூன்று பேர் திரும்பி உள்ளே வந்தார்கள்.

முதலில் வந்தது ரெங்கம்மாள், மாப்பிள்ளையின் அம்மா. அவருக்குப் பின்னால் அவர் தம்பி பெரியண்ணன். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன், உலகத்தில் எதையும் முதல் தடவையாகப் பார்ப்பதில்லை என்கிற முகம். கடைசியாக மாப்பிள்ளை அரவிந்தன். துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் வேலை. போட்டோவில் பார்த்த முகம்தான், நேரில் கொஞ்சம் குறைவாக முறைத்தது. அவன் வாசலிலேயே நின்று, டியூஷன் விளம்பரத்துக்குக் கீழே இருந்த பலகையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தான்.

மலர்க்கொடிக்கு அவர்களைத் தெரிந்துவிட்டது. அவர்களுக்கு அவளைத் தெரியவில்லை. அகிலாண்டம் அனுப்பிய போட்டோ ஒரு கல்யாணத்தில் பியூட்டி பார்லர்காரி கைவண்ணத்தில் எடுத்தது. அதை வைத்துக்கொண்டு அகிலாண்டத்தாலேயே தன் மகளை அடையாளம் காண முடியாது.

ரெங்கம்மாள் மேஜையைப் பார்த்தார். மண் நிறப் புடவை. கழுத்தில் அட்டை. விசிறிக்குக் கீழே நாற்காலி.

"ஏம்மா, சுத்திக் காட்டுறவங்க நீங்கதானே?"

வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொன்னது காதில் கேட்டது. இல்லை என்றால், பின்னே யார் என்று கேட்பார்கள். மலர்க்கொடி எழுந்தாள்.

"வாங்க" என்றாள்.

அரவிந்தன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். அம்மாவுக்குப் பின்னால் நடந்தான்.

முதல் அறையில் ஒரு கல்தூண் இருந்தது. அதில் ஆள் உயரத்துக்கு மேலே சிவப்புக் கோடு. '1924 வெள்ளம் இதுவரை' என்று பக்கத்தில் எழுதியிருந்ததால் மலர்க்கொடி பிழைத்தாள்.

"வெள்ளம் இதுவரைக்கும் வந்துச்சுங்க."

"எங்க பாட்டன் அதுல நீந்திப் போயி கல்யாணம் பண்ணினாரு" என்றார் பெரியண்ணன்.

"எங்கேருந்து எங்க மாமா?" என்றான் அரவிந்தன்.

"லால்குடியிலேருந்து."

"நம்ம பாட்டி லால்குடிதானே. அவரும் லால்குடி. எதுக்கு நீந்தினாரு?"

"சொன்னா கேட்டுக்கணும் மாப்ள. கணக்குப் போடக் கூடாது."

இரண்டாவது அறையில் மரத்தில் செய்த கும்பினி சிப்பாய் பொம்மை ஒன்று நின்றது. இடது கை இல்லை. விளக்க அட்டை இருந்த இடத்தில் குண்டூசி மட்டும் இருந்தது.

"இவரு யாருங்க?" என்றான் அரவிந்தன். முகத்தில் பள்ளிக்கூடப் பையனின் பணிவு.

மலர்க்கொடி யோசித்தாள். அவளுடைய செக்ஷனில் ஜெஸ்வின் என்று ஒருவன் இருக்கிறான். ஒரு கையை எப்போதும் பாக்கெட்டிலேயே வைத்திருப்பவன்.

"கர்னல் ஜெஸ்வின். பெரிய வீரர். ஒரு கையாலேயே எல்லா வேலையையும் அடுத்தவங்களைச் செய்ய வெச்சிடுவாரு."

"கர்னல் ஏன் ஹவாய் செருப்பு போட்டிருக்காரு?"

"ஆத்து மணல் சுடும்ல."

அரவிந்தன் இருமினான். பெரியண்ணன், "ஜெஸ்வின் துரை, கேள்விப்பட்டிருக்கேன்" என்றார்.

மலர்க்கொடியின் போன் அடித்தது. சற்றுத் தள்ளிப் போய் எடுத்தாள்.

"காவிரிப் பாலத்துல பஸ் நிக்குதுடி. ஒரே டிராஃபிக். வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"உன்னைப் பார்த்தாங்களா?"

"பார்த்துட்டே இருக்காங்க."

"பேசினாங்களா?"

"பேசிட்டே இருக்கோம்."

"தற்செயலாத்தானே?"

"ரொம்பத் தற்செயலாம்மா."

திரும்பி வந்தபோது ரெங்கம்மாள் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். வழிகாட்டிகளிடமும் ஆட்டோக்காரர்களிடமும் நாம் எதையும் சொல்லலாம், திரும்பப் பார்க்கப் போவதில்லை.

"இங்க ஒரு பொண்ணு அவங்க அம்மாவோட வருதான்னு பார்த்தியாம்மா? பொன்மலைப் பக்கம். செவப்பா, மூக்கு எடுப்பா இருக்கும். இவனுக்குப் பார்க்கிறோம்."

"இதுவரைக்கும் அப்படி யாரும் வரலைங்க" என்றாள் மலர்க்கொடி. அது உண்மைதான்.

"லேட்டாத்தான் வருவாங்க. பெரிய உத்தியோகமாச்சே" என்று சொல்லிவிட்டு ரெங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயும் வேலைக்கு வர்றே. வீட்ல யாரு சமைக்கிறது?"

"யாருக்குப் பசிக்குதோ அவங்க."

ரெங்கம்மாளுக்கு அது பதிலா வம்பா என்று விளங்கவில்லை.

மூன்றாவது அறையில் உத்தரத்திலிருந்து ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கியது. ஆற்றில் தண்ணீர் ஏறும்போது தெருவை எழுப்ப இதைத்தான் அடிப்பார்கள் என்று அட்டை சொன்னது. பக்கத்தில் ஒரு சுத்தியல்.

மலர்க்கொடி யோசிக்காமல் சுத்தியலை எடுத்தாள். மெதுவாக ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். சத்தம் நீளமாகப் போய்க் கூரையில் அடங்கியது.

"விரிசல் இல்லை" என்றாள். "விரிசல் இருந்தா செத்த சத்தம் வரும். சக்கரத்தையும் இப்படித்தான் பார்ப்போம். மெஷின்ல பார்த்தாலும், கடைசியில் ஒரு தட்டு தட்டிக் கேட்டாத்தான் எனக்குத் திருப்தி."

பார்ப்போம் என்று சொல்லிவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரெங்கம்மாள் கவனிக்கவில்லை. பெரியண்ணன் போன் பார்த்துக்கொண்டிருந்தார். அரவிந்தன் மட்டும் அவள் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தான். பிறகு, அந்த அறைக்குத் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினான்.

"அம்மா, அந்தப் பொன்மலைப் பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகலாமா, கூடாதா? இப்பவே முடிவா சொல்லுங்க."

"இங்க வெச்சு எதுக்குடா அது?"

"அவங்க வந்தா நீங்க மாத்திப் பேசுவீங்க. இங்க யாரு இருக்கா, சொல்லுங்க."

ரெங்கம்மாள் சுற்றிப் பார்த்தார். அடுத்த அறையில் கர்னல் ஜெஸ்வினும் பக்கத்தில் ஒரு வழிகாட்டியும்தான் இருந்தார்கள்.

"இன்னைக்குப் போகட்டும்னுதான் சொல்லணும். அதுதான் மரியாதை. நிச்சயத்தப்ப பெரியவங்க அபிப்பிராயம்னு ஒரு வார்த்தை போட்டு வெப்போம். கேக்கலைன்னா ஒரு குழந்தை பொறந்தா தானா விட்டுடுவா. ரயில் சக்கரத்தைத் தட்டிட்டிருந்தா என் பேரனை யாரு பார்க்கிறது?"

"பேச்சை என்கிட்ட விடுக்கா" என்றார் பெரியண்ணன். "வேலைக்கென்ன, தாராளமா போகட்டும்னு சொல்றேன். போன வருஷம் என் சின்ன மகன் கல்யாணத்துலயும் நான்தானே சொன்னேன். அந்தப் பொண்ணு இப்ப வீட்லதானே இருக்கு."

மலர்க்கொடி சுத்தியலை அதன் இடத்தில் வைத்தாள். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. தெரிந்துவிட்டது. மூன்றாவது தட்டும் கடைக்குத் திரும்பிப் போகும், அவ்வளவுதான். அம்மாவை மட்டும் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தாள்.

பெரியண்ணனின் பார்வை அறையின் கோடியில் நின்றது. அங்கே யாளி செதுக்கிய பழைய தேக்குக் கதவு ஒன்று சாத்தியிருந்தது.

"அதானே பார்த்தேன். இதுதான் மலைக்கோட்டைக்குப் போற சுரங்கப்பாதை. இந்த வீட்லேருந்துதான் ஆரம்பிக்குதுன்னு எனக்கு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. என்னம்மா, சரிதானே?"

மலர்க்கொடிக்குத் தெரியாது. "உள்ளே போனதில்லைங்க" என்றாள்.

அரவிந்தன் கதவருகே போய், கண் உயரத்தில் மங்கிக் கிடந்த ஒரு சின்னத் தகட்டைப் படித்தான். ஒதுங்கி நின்று மாமாவுக்கு வழிவிட்டான்.

"போய்ப் பாருங்க மாமா."

பெரியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனில் டார்ச்சைப் போட்டு, கதவைத் தள்ளி இருட்டுக்குள் போனார். கதவு பின்னாலேயே சாத்திக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வளையல் சத்தம் கேட்டது. அகிலாண்டம் வியர்க்க விறுவிறுக்க, கையில் வெற்றிலை பாக்குப் பையும் ஆறு முழம் மல்லிகையுமாக உள்ளே வந்தாள். தற்செயலாக அருங்காட்சியகம் வருகிறவர்கள் அவ்வளவு பூ வாங்கி வருவதில்லை. அவள் ரெங்கம்மாளைப் பார்த்து, பஸ்ஸில் வழிநெடுக ஒத்திகை பார்த்த வரியைச் சொன்னாள்.

"அட, நீங்களா? கோயிலுக்கு வந்தோம், சரி இதையும் எட்டிப் பார்ப்போமேன்னு."

"நாங்களும்தான்" என்றார் ரெங்கம்மாள், முறை தவறாமல். "பொண்ணு வரலைங்களா?"

"மலரு அப்பவே வந்துட்டாளே" என்று அகிலாண்டம் கையை நீட்டினாள். "அங்கதானே நிக்கிறா."

ரெங்கம்மாள் அந்தக் கை போன வழியே பார்த்தார். வழிகாட்டியைத் தாண்டிப் பார்த்தார். தாண்டி யாரும் இல்லை. மறுபடி வழிகாட்டியைப் பார்த்தார்.

அகிலாண்டத்துக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. ஆனால் பூ கைமாறும் நேரத்தில் வரவேண்டிய மௌனம் இது இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"நீயா?" என்றார் ரெங்கம்மாள். "உளவு பார்த்தியா எங்க குடும்பத்தை?"

"நீங்கதாங்க கேட்டீங்க, சுத்திக் காட்டுறவங்களான்னு. நான் சுத்திக் காட்டினேன்."

"யாருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பொண்ணே போய்ச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்களும் கேக்க மாட்டீங்க. தற்செயலாச்சே."

ரெங்கம்மாள் மகன் பக்கம் திரும்பினார். அவன் ஆச்சரியப்பட்டவனாகவே தெரியவில்லை. அவருக்கு விஷயம் புரியத் தொடங்கியது.

"டேய், உனக்கு எப்பத் தெரியும்?"

"உள்ளே வந்தப்பவே. கழுத்துல அட்டை இருக்கில்ல. பேரு, போட்டோ, பொன்மலை, எல்லாம் போட்டிருக்கு. படிச்சேன்."

"படிச்சா சொல்ல மாட்டியா?"

"கேட்டா யாரும் நிஜத்தைச் சொல்ல மாட்டேங்கிறீங்க. அவங்களுக்குத் தெரியட்டும்னுதான் சத்தமா கேட்டேன். பின்னாடி தெரிஞ்சு தட்டு திரும்பறதுக்கு இப்பவே தெரிஞ்சுடட்டும்."

மலர்க்கொடி முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். தெரிந்தே கர்னலைப் பற்றிக் கேட்டிருக்கிறான். ஹவாய் செருப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறான். முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. குவாலிட்டி செக்ஷன்தான்.

அப்போது தேக்குக் கதவு திறந்தது. பெரியண்ணன் வெளியே வந்தார். மடித்துக் கட்டிய வேட்டியும் நனைந்திருந்தது. அகிலாண்டத்தைப் பார்த்ததும், தான் சொல்ல வேண்டிய வசனம் ஞாபகம் வந்து, கையைக் கூப்பினார்.

"வாங்கம்மா. நாங்க எதுவும் எதிர்பார்க்கலை. வேலைக்கென்ன, பொண்ணு தாராளமா..."

"சும்மா இருடா" என்றார் ரெங்கம்மாள்.

"என்னக்கா?"

"அவ எல்லாத்தையும் கேட்டுட்டா. சுத்திக் காட்டினவதான் பொண்ணு."

பெரியண்ணன் மலர்க்கொடியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டார். "நம்ம பொண்ணா? போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்றார். பிறகு மருமகனிடம் மெல்ல, "மாப்ள, அது சுரங்கம் இல்லடா. கக்கூஸு. நீ படிச்சியே, சொல்லக் கூடாதா?"

"உங்க வாட்ஸ்அப்ல வந்திருக்குன்னீங்க."

ரெங்கம்மாள் மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பொல்லாதவர் இல்லை. மற்றவர்கள் சொல்கிற பொய்யைத்தான் அவரும் சொல்ல வந்தார். அது முன்கூட்டியே செலவாகிவிட்டது. இனி நிஜத்தைத் தவிர கையில் எதுவும் இல்லை.

"சரி. நீயே சொல்லு. வேலையை விட மாட்டே?"

"மாட்டேங்க."

"பேரனை யாரு பார்க்கிறது?"

"மலரு, வேண்டாம்டி" என்றாள் அகிலாண்டம்.

"என் ஷிஃப்ட்ல அவரு பார்க்கட்டும். அவரு ஷிஃப்ட்ல நான் பார்க்கிறேன். ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட் இடிச்சா நீங்க வாங்க. இவரு மாதிரி ஒருத்தரை வளர்த்திருக்கீங்க, உங்களை விட யாரு நல்லாப் பார்ப்பாங்க?"

ரெங்கம்மாள் மகனைப் பார்த்தார், மலர்க்கொடியைப் பார்த்தார். கடைசியில், "இவன் சமைச்சா உப்பு இருக்காது. அதைத் தின்னணும்னு உன் தலையில எழுதியிருந்தா நான் என்ன பண்ண. வேலைக்குப் போ. இதை ஒரு தடவைதான் சொல்வேன், நிச்சயத்தப்ப மாத்த மாட்டேன்" என்றார். பிறகு பழக்கத்தில், பெரிய மனுஷித் தோரணையில், "ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோம்" என்று முடித்தார்.

"இல்லைங்க" என்றாள் மலர்க்கொடி. "கலந்து பேசிட்டு நாங்க சொல்றோம்."

அகிலாண்டத்தின் கையிலிருந்து பூப்பை நழுவியது. அரவிந்தன் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

ஷேக் தாவூது திரும்பி வந்தபோது கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த வருஷத்தில் அது ஒரு திருவிழா. வாசலிலேயே நின்று, தவறான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று பலகையைப் பார்த்தார். பெரியண்ணன் அவரிடம் போய், சுரங்கத்தை எந்த வருஷம் கக்கூஸாக்கினார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். இரண்டு அம்மாக்களும் வெற்றிலை பாக்குப் பையை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் கோபமாக இருக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் பூவைப் பங்கு பிரித்தார்கள்.

தண்டவாளத் துண்டின் பக்கம் அரவிந்தன் மெதுவாகக் கேட்டான். "கலந்து பேசறதுன்னா யாரோட?"

"உங்களோடதான். கர்னலைப் பத்தி இன்னும் நிறைய இருக்கு. ஞாயித்துக்கிழமை நாலரைக்கு மேல இங்கேயே வர முடியுமா?"

அவன் விரலை மடக்கிப் பார்த்தான். "ஞாயிறு நாலரைக்கு ராகுகாலமாச்சே."

"அதனாலதான்" என்றாள் மலர்க்கொடி. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "உங்க வீட்லேருந்தும் எங்க வீட்லேருந்தும் யாரும் கூட வர மாட்டாங்க."